வளையம் இல்லாத கரடி

கரடிப் படம் ஒன்றைக் கண்டால் எனக்குக் குழந்தையின் அழுக்கு நாப்பி மணம் வருகிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மொன்றியலில் கரடிப் படத்துக்குக் குறைவே இல்லை. பல் வைத்தியரிடம் போனால் சுவரில் கரடி, வங்கிக்குப் போனால் கலண்டரில் கரடி, விமான நிலையத்தில் தேநீர்க் கோப்பையில்கூடக் கரடி. எல்லாம் பனிமூட்டத்துக்குள் தவம் இருப்பதுபோல நிற்கும். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

"உமக்கு விசர்," என்பார் என் கணவர். இருக்கட்டும்.

நாப்பி எனக்குப் புதிதல்ல. லவாலில் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. பத்து விரலும் அதில் தோய்ந்தவைதான். குழந்தையின் அழுக்கில் எனக்கு அருவருப்பே கிடையாது, கழுவினால் போய்விடும். நான் சொல்ல வந்த அருவருப்பு வேறு. அது படம் கீறுகிற பெரிய மனிதர்களிடம் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமைகளில் என் கணவர் என்னை ரொக்ஸ்பரோவில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மண்டபம், அதன் பேஸ்மென்றில் எங்கள் ஓவியக் குழு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். தமிழர் என்று இரண்டு பேர். யாழ்ப்பாணத்துக்காரி நான் ஒன்று. மற்றவர் தமிழ்நாட்டு டொக்டர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நெடுங்காலம் அறுவைச் சிகிச்சை செய்து ஓய்ந்தவர். சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூட விசாரித்துத்தான் தொடுவார். பண்பான மனிதர், என்னை 'அம்மா' போட்டுத்தான் கதைப்பார். குழுவை நடத்தியவர் ஒரு கியூபெக்காரர், முன்பு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். நான் அவரை மனதுக்குள் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவேன். வடக்கின் காடும் மிருகமும் கிராமமும்தான் அவருடைய மூச்சு. எங்கள் ஆட்களுக்கு வடக்கு என்றால் வேறு ஞாபகம் வரும். அவருக்கு வடக்கு என்றால் தேவதாரு, ஏரி, கரையில் ஒரு மிருகம். மனிதர் இருந்தே ஆகவேண்டுமானால் கம்பளிச் சட்டையோடு இருக்க வேண்டும்.

அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. புகைப்படம் பார்த்துக் கீறக்கூடாது. கண்ணால் கண்டதை மட்டுமே கீற வேண்டும். படம் முடிந்ததும் கன்வஸின் பின்பக்கத்தில் 'ஜே வூ', நான் கண்டேன், என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கண்காட்சி திறக்கிற நாளில் ஒவ்வொருவரும் தன் படத்தின் பக்கத்தில் நின்று அதையே சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசையில் விசுவாசப்பிரமாணம் சொல்லுகிற மாதிரி. நான் அந்தக் குழுவில் சேர்ந்ததே இந்தச் சட்டத்துக்காகத்தான். கண்டதைக் கண்டேன் என்று துணிந்து சொல்லுகிற ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், இங்கேயாவது இருக்கிறார்களே என்று நினைத்தேன். எவ்வளவு ஏமாந்த பேய்ச்சி நான்.

ஒரு வருடம் ஜூன் மாதம் இரண்டு வான் பிடித்து வடக்கே போனோம். நாள் முழுக்க ஓட்டம். மரம், மரம், பிறகும் மரம். கடைசியில் ஒரு ஏரிக்கரைக் கிராமம். பெற்றோல் நிலையமும் தெப்பனர் என்கிற சில்லறைக் கடையும் ஒரே கட்டடத்தில், பூட்டிக் கிடக்கும் ஒரு தேவாலயம், பிளாஸ்டிக் பலகை அடித்த வீடுகள், வீட்டுக்கு வீடு டிஷ் அன்ரனா, வாசலில் பிக்கப் வண்டி. குழு ஆட்கள் இறங்கி முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் தேடி வந்த கிராமம் இதுவல்ல.

பிறகு தொடங்கியது கூத்து. ஒருவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, பிக்கப்பைச் சற்றுப் பின்னால் எடுக்க முடியுமா, படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கேட்டார். அந்த மனுசன் எடுத்தும் விட்டான். நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரியின் கொடியில் சுரங்க வேலை உடுப்புகள் காய்ந்தன, ஒளிரும் பட்டி தைத்த செம்மஞ்சள் உடுப்பு. அவற்றை எடுத்துவிட்டு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைப் போடச் சொன்னாள் எங்கள் குழுப் பெண் ஒருத்தி. விடுதிக்காரி வாயில் சிகரெட்டோடு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவளை மாவு பிசைகிற கோலத்தில் நிற்கச் சொல்லியும் ஒருவர் கீறினார். அவள் எங்களுக்குக் காலையில் தந்ததெல்லாம் கடையில் வாங்கிய வெட்டுப் பாண்.

"இது கண்டதைக் கீறுறதோ, டொக்டர்?" என்று கேட்டேன்.

"வச்சதைத்தானேம்மா வரையறாங்க? ஸ்டில் லைஃப் மாதிரி எடுத்துக்குங்க," என்றார் அவர். ஆளைச் சமாதானப்படுத்துவதில் வல்லவர், நோயாளிகளோடு பழகிய வாய்.

மிருகம்தான் அகப்படவில்லை. ஏரிக்கரையில் கொசுவும் கறுப்பு ஈயும் எங்களைத் தின்றன. மூஸ் மான் இல்லை, நரி இல்லை, வாத்துக்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. மாஸ்ரரின் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் விடுதிக்காரி சொன்னாள்: "கரடி வேணுமென்றால் பின்னேரம் குப்பை மேட்டுக்குப் போங்கள். எங்கள் ஊரில் சினிமா தியேட்டர் அதுதான்."

போனோம். காட்டுக்குள் வெட்டிய நீளக் கிடங்கு, அதற்குள் ஊர்க் குப்பை. பழைய மெத்தை, குளிர்சாதனப் பெட்டிகள், கிழிந்த கறுப்புப் பைகள். பைகளுக்கு நடுவே கரடிகள். ஒரு கரடி கிடங்கின் விளிம்பில் குந்தி, நாப்பி ஒன்றைக் கையால் விரித்து நக்கிக்கொண்டிருந்தது. வான் கண்ணாடியை ஏற்றிவிட்டோம், அப்படியும் மணம் உள்ளே வந்தது. வெயிலில் அவிந்த மலமும் புளித்த பாலும் மீன் குடலும் கலந்த மணம். டொக்டர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். மாஸ்ரர் மட்டும் கண்கலங்கி, "எவ்வளவு கம்பீரம்," என்றார். எல்லோரும் பென்சிலை எடுத்தார்கள்.

அங்கே நின்றதில் ஒன்று பெண் கரடி. மார்பில் கொஞ்சம் வெள்ளை மயிர், மற்றதெல்லாம் பளபளக்கும் கறுப்பு. உண்மையில் அழகான மிருகம்தான். அதன் கழுத்தில் ஒரு வெள்ளை வளையம். முதலில் மயிரின் நிறம் என்று நினைத்தேன். கரடி தலையைத் திருப்பியபோது தெரிந்தது. பெரிய பிளாஸ்டிக் வாளி மூடியின் விளிம்பு. குட்டியாக இருந்தபோது எதையோ நக்கத் தலையை விட்டிருக்கும், மூடியின் நடு உடைந்துபோக விளிம்பு கழுத்தில் மாட்டியிருக்கும். பிறகு கரடி வளர்ந்தது. வளையம் வளருமா? தொண்டைப் பக்கம் அது தோலுக்குள் புதைந்து, மேலே சிவந்த சதை பிதுங்கி, ஈ மொய்த்துக் கிடந்தது. கரடி ஒரு துண்டு பாணை விழுங்குவதற்கு மூன்று நான்கு தரம் கழுத்தை நீட்டி நீட்டி எத்தனித்தது. கடைசியில் துப்பிவிட்டது.

டொக்டர் மாஸ்ரரின் தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "செப்டிக் ஆயிருக்கும்மா," என்றார் மெதுவாக. "சீழ் வச்சிருக்கு. இப்பவே எடுத்துட்டா ஒருவேளை பொழைக்கும்."

நான் மாஸ்ரரிடம் சொன்னேன். வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சொன்னால் மயக்க ஊசி போட்டு வெட்டிவிடுவார்கள், உடனே சொல்லுங்கள் என்றேன். அந்தக் கிராமத்தில் கைபேசி எடுக்காது. விடுதியின் சமையலறையில் ஒரு தொலைபேசி இருந்தது. "நிச்சயமாக. காலையில் முதல் வேலையே அதுதான்," என்றார் மாஸ்ரர். நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

மறுநாள் பின்னேரமும் போனோம். கரடி அங்கேதான், வளையமும் அங்கேதான். கேட்டேன். சொல்லியாகிவிட்டது, அதிகாரிகளுக்கு ஆயிரம் வேலை, வருவார்கள் என்றார். சொல்லிக்கொண்டே வானைச் சற்று முன்னே எடுக்கச் சொன்னார், சூரியன் கரடியின் முதுகில் படுகிற கோணத்துக்காக. குழுப் பெண் இன்னொருத்தி விசிலடித்தாள், கரடி நிமிர்ந்து பார்க்க வேண்டுமாம். பார்த்தது. எல்லோரும் அவசரம் அவசரமாகக் கீறினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். ஒருவருடைய தாளிலும் குப்பை இல்லை. கறுப்புப் பைகள் இருந்த இடத்தில் பாசி படர்ந்த கற்கள் முளைத்திருந்தன. மெத்தை விழுந்த மரமாகியிருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை விடுதிக்காரி எனக்குக் கோப்பி ஊற்றினாள். அதிகாரிகள் எப்போது வருவார்களாம் என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. "என்ன அதிகாரி? என் தொலைபேசியை உங்கள் ஆட்கள் ஒருவரும் தொடவே இல்லையே."

நான் கோப்பையை வைத்துவிட்டு நேரே மாஸ்ரரின் மேசைக்குப் போனேன். அவர் வெட்கப்படக்கூட இல்லை. பொறுமையாக, ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். அதிகாரிகள் வந்தால் குப்பை மேட்டுக்குத் தடை போடுவார்கள், பொறி வைப்பார்கள், கரடிகள் எல்லாம் கலைந்துவிடும். இன்னும் ஒரே ஒரு பின்னேரம் போதும். படங்கள் முடியட்டும், போகிற வழியில் சொல்லிவிடலாம். "ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?" மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் பாணுக்கு வெண்ணெய் பூசினார்கள். எல்லோருக்கும் முதலே தெரிந்திருக்கிறது. குப்பை மேட்டில் வராத வாந்தி அந்த மேசையில் வரப் பார்த்தது.

டொக்டரைப் பார்த்தேன். "நீங்களும் பேசாமல் இருக்கிறியள்?"

"ஒரு நாள்தானேம்மா. அவர் லீடர், அவர் பாத்துப்பாரு," என்றார். கண் என் முகத்தில் நிற்கவில்லை.

நானே சமையலறைக்குப் போய் அதிகாரிகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பிரெஞ்சு கார்டெரிப் பிரெஞ்சு. "கரடிக்குக் கழுத்தில் வளையம், கரடிக்கு நோகிறது, கரடி சாப்பிட முடியாமல் இருக்கிறது," என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொல்ல வந்தது. மறுமுனையில் இருந்தவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நாளாக இப்படி நிற்கிறது என்று கேட்டார். முந்தநாள் பின்னேரத்திலிருந்து பார்க்கிறோம் என்றேன். வருகிறோம் என்றார். அவர்கள் வெகுதூரத்திலிருந்து வரவேண்டும், அன்று வந்து சேரவில்லை. அன்று பின்னேரம் இரண்டு வானும் குப்பை மேட்டுக்குப் போயின. நான் போகவில்லை. விடுதிக்காரியோடு இருந்து தொலைக்காட்சியில் வினாவிடைப் போட்டி பார்த்தேன். மறுநாள் ஊருக்குத் திரும்பினோம். திரும்பும் வழியில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாட்களில் விடுதிக்காரி தொலைபேசி எடுத்தாள். கேட்டு வாங்கி வைத்திருந்தாளே என் நம்பரை, அந்த நல்ல மனுசி. அதிகாரிகள் வந்தார்களாம். கரடி கிடங்குக்குள் படுத்துக் கிடந்ததாம், ஆள் கிட்டப் போயும் எழும்பவில்லையாம். கழுத்து உள்ளே அழுகிவிட்டது, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அங்கேயே சுட்டுவிட்டார்கள். "கொஞ்சம் முந்தியிருந்தால் என்று அவர்கள் சொன்னார்கள்," என்றாள். சொல்லிவிட்டு இருமினாள்.

நான் அந்தக் கோடை முழுக்க ஒரே படத்தைக் கீறினேன். கிடங்கு, பைகள், மெத்தை, நாப்பி, நடுவில் கரடி, கழுத்தில் வளையம், வளையத்தில் ஈ. அழகாக வரவில்லை. என் கை அவ்வளவு திருத்தமான கையும் அல்ல. என் கணவர் பார்த்துவிட்டு, "குப்பையைக் கீறிக்கொண்டு வந்து நிக்கிறீர். இதைச் சாப்பாட்டு மேசைக்குக் கிட்ட வையாதேயும்," என்றார். வளையத்தைக் காட்டி விசயத்தைச் சொன்னேன். அவர் ஈரம் காயட்டும் என்று யன்னலைத் திறந்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் ரொக்ஸ்பரோ பேஸ்மென்றில் எல்லோரும் படங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். சுவர் நிறையப் பனிமூட்டம். எல்லாவற்றிலும் அதே கரடி, மார்பில் அதே வெள்ளை மயிர். கழுத்து வழவழவென்று. எல்லாவற்றிலும் திறமானது டொக்டருடையதுதான், அதையும் சொல்ல வேண்டும். அறுவை செய்த கையல்லவா, ஒவ்வொரு மயிரும் அதனதன் இடத்தில் இருந்தது. கழுத்தை அவர் கீறியிருந்த விதத்தைப் பார்த்தால் தடவ வேண்டும்போல இருக்கும்.

நான் கரடி செத்த கதையைச் சொன்னேன். பேஸ்மென்றில் பெரும் துக்கம். ஒருத்தி விம்மினாள், அதே விசிலடித்தவள். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்படியானால் இந்தக் கண்காட்சியை அவளுடைய நினைவுக்குச் சமர்ப்பிப்போம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனையாம். டொக்டருடைய படத்தைச் சுவரொட்டியில் போடுவதென்றும் அங்கேயே முடிவாயிற்று. கொன்றுபோட்டு மாலை போடுவதற்கு இவர்களிடம்தான் படிக்க வேண்டும். த்தூ.

அன்று வெளியே கார் தரிப்பிடத்தில் டொக்டரை மறித்தேன். "நீங்கள்தானே முதல் நாளே சொன்னனீங்கள், செப்டிக் எண்டு. வளையத்தை எங்கை வைச்சிட்டு வந்தனீங்கள்?"

அவர் கோபிக்கவில்லை. "எங்க அப்பா கடைசியில மூக்குல டியூப்போட கிடந்தாரும்மா. ஹால்ல மாட்டியிருக்கிற படத்துல கோட்டு, டை போட்டிருக்காரு. ஜென்மத்துல அவர் கோட்டு போட்டதில்ல, ஸ்டூடியோக்காரன் ஒட்டினது. செத்தவங்களுக்கு நாம செய்யற மரியாதை அது. சீழையும் புண்ணையும் யாராவது சுவத்துல மாட்டுவாங்களா?"

எங்கள் ஆட்களும் அப்படித்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலரில் பார்த்தால், காலமெல்லாம் சறமும் வெறும்மேலுமாகத் திரிந்த மனுசன் நீலத் திரைக்கு முன் கோட்டோடு இருப்பார். வேதக்காரராகிய நாங்களும் செய்வதுதான். வீட்டுக்கு வந்து சட்டி கழுவும்போதுதான் பதில் வந்தது. டொக்டரின் அப்பாவுக்கு அந்தக் குழாயைப் பிள்ளைகள் போட்டது பிழைக்கவைக்க. அதை எடுத்தது செத்த பிறகு, படத்தில். இந்தக் கரடியின் வளையத்தை இவர்கள் படத்தில் கழற்றியது அது உயிரோடு முன்னால் நிற்கும்போதே. கழுத்தில் அதை விட்டுவிட்டு, தாளில் மட்டும் கழற்றினார்கள்.

கண்காட்சி டவுன்டவுனில் ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில். மெட்ரோவிலிருந்து நேரே ஏறி வரலாம். என் படத்தைக் கழிவறைப் பக்கம் போகிற ஒடுக்கத்தில் மாட்டியிருந்தார்கள். "சுவர் போதவில்லை," என்றார் மாஸ்ரர். அதைக் கடந்து போன ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். எனக்கு அது சந்தோசமாக இருந்தது. ஒரு ஆளுக்காவது மணத்திருக்கிறது. வாசலில் டொக்டருடைய கரடி, ஆள் உயரச் சுவரொட்டியில், அடியில் 'அவளின் நினைவாக'. வந்த சனம் வைன் கிளாசோடு அதன் முன்னால் நின்று பெருமூச்சு விட்டது. லவாலிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியர் தன் கிளினிக்குக்கு வேண்டுமென்று அப்போதே கேட்டு வைத்தார்.

பிறகு மாஸ்ரர் பேசினார். பொய்யும் போலியும் மலிந்த காலத்தில், கண்ணால் கண்டதை மட்டுமே தீட்டும் ஒரு சிறு குழு நாங்கள் என்றார். குரல் தழுதழுத்தது. நடிப்பென்றால்கூட மன்னித்திருப்பேன், அவர் அதை நம்பினார். சம்பிரதாயம் தொடங்கியது. ஒவ்வொருவராகத் தன் படத்தருகே நின்று, நான் கண்டேன் என்றார்கள். விசிலடித்தவள் சொன்னாள். ஒட்டுத்துணிப் போர்வைக்காரி சொன்னாள். மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். டொக்டரின் முறை வந்தது. அவர் தொண்டையைச் செருமினார். ஒரு கணம் என் பக்கம் பார்த்தார், சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "ஜே வூ," என்றார், அவ்வளவுதான்.

கடைசி ஆள் நான். கழிவறை ஒடுக்கத்தின் வாசலில் நின்றேன். சனம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. ஒரு நீண்ட பேச்சு யோசித்து வைத்திருந்தேன், பிரெஞ்சில், வினைச்சொற்கள் எல்லாம் சரிபார்த்து. எல்லாம் மறந்துபோயிற்று. கார்டெரிப் பிரெஞ்சுதான் வந்தது.

"நான் கண்டேன்," என்றேன். பிறகு எங்கள் குழுவை ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னேன். "நீங்களும் கண்டீர்கள்."

கை தட்டினார்கள்! எவ்வளவு அழகாகச் சொன்னாள், எல்லோரையும் சேர்த்துக்கொண்டாளே என்று சனம் நினைத்ததோ என்னவோ, பலமாகத் தட்டியது. மாஸ்ரரும் தட்டினார். விசிலடித்தவள் கண்ணைத் துடைத்தபடி தட்டினாள். டொக்டர் மட்டும் தட்டவில்லை. அவருடைய கை தன் சட்டைக் கழுத்தில் இருந்தது.

சனம் சாப்பாட்டு மேசைக்குக் கலைந்தபோது அவர் என் ஒடுக்கத்துக்கு வந்தார். என் படத்தின் முன்னால் நின்றார், தொலைநோக்கியில் அன்று பார்த்ததுபோலவே நெடுநேரம். பின்பு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்த வளையத்த நான் இப்போ என் படத்துல வரைஞ்சிடட்டுமாம்மா?"

"இப்ப ஆருக்கு, டொக்டர்?" என்றேன்.

நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு இறங்கினேன்.